ரியாக்டிவ் பவரும் கியூ ஃபேக்டரும்: ஒரே காயில்ல ரெண்டையும் அளந்து பாக்குறது எப்படி

ஏசி சர்க்யூட் படிக்கிறப்போ நிறைய பேர் மாட்டிக்கிற ஒரு இடம் இருக்கு. ரியாக்டிவ் பவருக்கும் (காயிலுக்கும் சப்ளைக்கும் நடுவுல போயிட்டு போயிட்டு வர்ற பவர்) எழுத்து கியூ, கியூ ஃபேக்டருக்கும் (காயில் எவ்ளோ கம்மியா சக்தியை வீணாக்குதுங்கிற அளவு) எழுத்து கியூ. ஒண்ணு மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் பாடத்துல வரும், இன்னொண்ணு ரேடியோ ட்யூனிங் பாடத்துல வரும், சொல்லிக் குடுக்கிறவங்களும் வேற வேற ஆளா இருப்பாங்க, அதனால ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லனு மனசுல பதிஞ்சு போயிடுது. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா விஷயம் ரொம்ப நேரானது: ஒரு காயிலோட ரியாக்டிவ் பவரை அதே காயில் சாப்பிடுற நிஜ பவரால வகுங்க, வர்ற நம்பர்தான் அந்தக் காயிலோட கியூ ஃபேக்டர். இதை ஒரு தடவை கையால அளந்து பாத்துட்டா அப்புறம் மறக்கவே மறக்காது, அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

எழுத்து ஒண்ணா அமைஞ்சது தற்செயல்தான். கியூ ஃபேக்டருக்கு அந்த எழுத்தைப் போட்டவர் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்ல இருந்த கே. எஸ். ஜான்சன், 1920 வாக்குல. குவாலிட்டிக்காகப் போடல, மத்த எழுத்தெல்லாம் வேற வேற அளவுக்குப் போயிடுச்சு, இது மிச்சம் இருந்துச்சு, எடுத்துக்கிட்டார். ரியாக்டிவ் பவரோட யூனிட் வார், ருமேனியாவைச் சேந்த கான்ஸ்டன்டின் புடியானு சொன்ன பேர், 1930ல ஸ்டாக்ஹோம்ல ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) ஏத்துக்கிச்சு. குழப்பம் வராம இருக்க இங்க ரியாக்டிவ் பவரை வார்னே சொல்றேன், கியூனு சொன்னா கியூ ஃபேக்டர் மட்டும்தான்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுனு பாத்துடலாம். ஆடிட்டிருக்கிற ஊஞ்சல்ல நிறைய சக்தி இருக்கு, அது மேல போய் நிக்குறப்போ உயரமாவும் கீழ வர்றப்போ வேகமாவும் மாறி மாறி ஓடிட்டே இருக்கும், நாம தள்ளுறது காத்துலயும் கொக்கியிலயும் தேஞ்சு போற அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும்தான். காயில்ல கரண்ட் ஏறுறப்போ காந்தப்புலத்துல சக்தி சேருது, கரண்ட் இறங்குறப்போ அது சப்ளைக்கே திரும்பிப் போகுது. 50 ஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட், அதுல 5 மில்லிசெகண்ட் வாங்கும், அடுத்த 5ல திருப்பிக் குடுக்கும், மறுபடி 5ல வாங்கும், மறுபடி 5ல குடுக்கும், ஆக ஒரு செகண்டுக்கு 100 தடவை வாங்கி 100 தடவை திருப்பிக் குடுக்குது. கூட்டிக் கழிச்சா செலவு பூஜ்யம். ஆனா அந்தக் கரண்ட் வயர்ல நிஜமாவே ஓடுது, வயரை நிஜமாவே சூடாக்குது. இந்தப் போக்குவரத்தோட அளவுதான் வார். நடுவுல தேஞ்சு சூடா வெளிய போறது வாட். வார் பெருசா வாட் சின்னதா இருந்தா நல்ல ஊஞ்சல், அதாவது கியூ அதிகம்.

இப்ப அளக்கலாம். தேவையானது ஒரு சோக் இல்லனா பெரிய காயில், வோல்ட் ஆம்ப் வாட் மூணையும் காட்டுற ஒரு பவர் மீட்டர், அப்புறம் மல்டிமீட்டர். மெயின்ஸ்ல கை வைக்கிற வேலைங்கிறதால கனெக்‌ஷன் எல்லாத்தையும் சப்ளை இல்லாதப்போவே முடிச்சு மூடிடுங்க, ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா லைனை உடனே துண்டிக்கிற சாதனம்) பாதுகாப்பு இருக்கிற லைன்லயே எடுங்க, ஆன்ல இருக்கிறப்போ எதையும் தொடாதீங்க. அனுபவம் இல்லனா இதைத் தனியா பண்ணாதீங்க, கணக்கை மட்டும் பேப்பர்ல போட்டாலே முக்கால்வாசி புரிஞ்சுடும்.

மீட்டர் காட்டுறது இப்படினு வெச்சுக்கோங்க: 230 வோல்ட், 2 ஆம்ப், 92 வாட், 50 ஹெர்ட்ஸ்.

வோல்ட்டை ஆம்பால பெருக்குங்க, 460 வி.ஏ. இது அப்பரன்ட் பவர். 92ஐ 460ஆல வகுத்தா 0.2, அதுதான் பவர் ஃபேக்டர். வார் வேணும்னா பைத்தாகரஸ்தான், 460ஓட வர்க்கத்துல இருந்து 92ஓட வர்க்கத்தைக் கழிச்சு வர்க்கமூலம் எடுங்க, 450.7 வார் வரும். இப்ப 450.7ஐ 92ஆல வகுங்க: 4.9. முடிஞ்சுது, இந்தக் காயிலோட கியூ 4.9.

நம்பிக்கை வரலனா இன்னொரு வழியா போய்ப் பாக்கலாம். வாட்டை ஆம்பியரோட வர்க்கத்தால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், 92 வகுத்தல் 4, அதாவது 23 ஓம். வாரை அதே மாதிரி வகுத்தா ரியாக்டன்ஸ், 112.7 ஓம். புக்ல கியூ ஃபேக்டர்னா ரியாக்டன்ஸ் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ்னு போட்டிருப்பாங்க, போட்டுப் பாருங்க, அதே 4.9. மேலயும் கீழயும் ஒரே கரண்டோட வர்க்கத்தால பெருக்கினதுதான் வாரும் வாட்டும், வேற ஒண்ணும் இல்ல.

மூணாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இதுலதான் ஊஞ்சல் தெரியுது. ரியாக்டன்ஸ் 112.7ஐ 314.16ஆல வகுத்தா (2 பெருக்கல் பை பெருக்கல் 50) இண்டக்டன்ஸ் 0.359 ஹென்றி. கரண்ட் உச்சத்துல இருக்கிறப்போ காயில்ல நிக்குற சக்தி, இண்டக்டன்ஸ் பெருக்கல் மீட்டர் காட்டுற கரண்டோட வர்க்கம், 1.435 ஜூல். (அரை பெருக்கல் எல் பெருக்கல் உச்ச கரண்டோட வர்க்கம்னு படிச்சிருப்பீங்க, உச்ச கரண்ட் மீட்டர் அளவை விட வர்க்கமூலம் 2 மடங்கு, அதனால அந்த அரை அடிபட்டுப் போயிடுது.) ஒரு சைக்கிளுக்கு சூடா போறது 92 வகுத்தல் 50, அதாவது 1.84 ஜூல். கியூவோட அசல் டெஃபினிஷன் என்னன்னா 2 பை பெருக்கல் சேத்து வெச்ச சக்தி வகுத்தல் ஒரு சைக்கிள்ல தொலைஞ்ச சக்தி. 6.283 பெருக்கல் 1.435, வகுத்தல் 1.84... மறுபடி 4.9.

மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு இதே காயிலை அளந்தா 15 ஓம் மாதிரி கம்மியா காட்டலாம், 23 காட்டாது. மீட்டர் தப்பு இல்ல, அது செம்புக் கம்பியோட டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் பாக்குது. மிச்ச 8 ஓம், இரும்பு கோர் சூடாகுறதுக்குப் போற வாட் ரெசிஸ்டன்ஸ் வேஷம் போட்டு வர்றது. அதனால கியூவுக்கு ஓம்மீட்டர் ரீடிங்கை எடுக்காதீங்க, எப்பவுமே கியூ இருக்கிறதை விட அதிகமா தெரியும்.

அடுத்தது இந்த வாரை சரி பண்றது. காயில் வாங்குற நேரத்துல கெப்பாசிட்டர் குடுக்கும், காயில் குடுக்கிற நேரத்துல கெப்பாசிட்டர் வாங்கும், ஆக ரெண்டும் பக்கத்துலயே தங்களுக்குள்ள குடுத்து வாங்கிக்கிட்டா சப்ளை லைன் வரைக்கும் அந்தச் சக்தி ஓடிட்டு வரவேண்டியதில்ல. கெப்பாசிட்டரை காயிலுக்கு பேரலலா போடணும். எவ்ளோ வேணும்? 450.7 வார் குடுக்கிற கெப்பாசிட்டர். வார் வகுத்தல் வோல்ட்டோட வர்க்கம் வகுத்தல் 314.16, அதாவது 450.7 வகுத்தல் 52900 வகுத்தல் 314.16, வர்றது 27.1 மைக்ரோஃபாரட்.

போட்டதும் லைன் கரண்ட் 2 ஆம்ப்ல இருந்து 0.4 ஆம்புக்கு இறங்கும் (92 வகுத்தல் 230). காயில்ல இன்னமும் அதே 2 ஆம்ப்தான் ஓடுது, கெப்பாசிட்டர்ல 1.96 ஆம்ப் ஓடுது, வெளிய இருந்து வர்றது 0.4தான். இப்ப 1.96ஐ 0.4ஆல வகுத்துப் பாருங்க. 4.9! திரும்பவும் கியூதான். பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன்னு மோட்டார்காரங்க சொல்றதும் பேரலல் ரெசனன்ஸ்னு ரேடியோகாரங்க சொல்றதும் ஒரே வேலை, இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்பவும் மறக்கல.

சரியா 27.1 கிடைக்காது, 25 போட்டா 415 வார் குடுக்கும், மிச்சம் 35 வார் லைன்ல போகும், கரண்ட் 0.43 ஆம்ப், பவர் ஃபேக்டர் 0.93, தாராளமா போதும். கூட இருக்கட்டுமேனு 30 போட்டா 48 வார் அதிகமாகி எதிர்ப்பக்கம் சாயுது, கரண்ட் 0.45, பவர் ஃபேக்டர் 0.89 லீடிங், அதாவது கரண்ட் வோல்டேஜை முந்திக்கிட்டுப் போகுது. அதனால கொஞ்சம் கம்மியா போடுறதுதான் புத்திசாலித்தனம். கெப்பாசிட்டர் கண்டிப்பா ஏசிக்கு ஆனது, எப்பவும் ஆன்ல இருக்கத் தாங்குற மோட்டார் ரன் டைப், 440 வோல்ட் ஏசி ரேட்டிங் மாதிரி. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வேண்டாம், பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலிட்டிக்கை ஏசில கிட்டயே கொண்டு போகாதீங்க, வெடிக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை, இதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. கெப்பாசிட்டரை பேரலலுக்குப் பதிலா சீரிஸ்ல போட்டா என்ன ஆகும்னு ஆசை வரும். மெயின்ஸ்ல பண்ணாதீங்க. ரியாக்டன்ஸ் ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு போனா மிச்சம் இருக்கிறது 23 ஓம் மட்டும், 230 வோல்ட்ல 10 ஆம்ப் ஓடும், 92 வாட் சாப்பிட்ட காயில்ல 2300 வாட் இறங்கும், கெப்பாசிட்டர் மேல 1127 வோல்ட் நிக்கும். சப்ளை 230தான், ஆனா உள்ள அதை விட 4.9 மடங்கு. (இரும்பு கோர் காயில்னா நடுவுலயே சாச்சுரேட் ஆகி, அதாவது அதுக்கு மேல காந்தம் ஏறாத நிலைக்குப் போய், இந்த நம்பர்லாம் மாறும், ஆனா ஆபத்து மாறாது.) பாத்தே ஆகணும்னா தனிமைப்படுத்தின 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்ல, ஏர் கோர் காயில்ல பாருங்க. முதல் தடவை அப்படிப் பண்ணப்போ 6 வோல்ட் குடுத்த இடத்துல கெப்பாசிட்டர் மேல 29 வோல்ட் காட்டுச்சு, மீட்டர்தான் கோளாறுனு நெனச்சு வேற மீட்டர் எடுத்து வெச்சேன், அதுவும் 29தான்.

மோட்டாருக்குப் போடுறதுன்னா கணக்கு கொஞ்சம் வேற, ஏன்னா முழுசா 1 வரைக்கும் கொண்டு போகத் தேவையில்ல. 3 ஃபேஸ் 400 வோல்ட்ல 10 கிலோவாட் எடுக்கிற லோடு, பவர் ஃபேக்டர் 0.7, அதை 0.95 ஆக்கணும். 0.7க்கு உண்டான கோணத்தோட டேன் 1.02, 0.95க்கு 0.329, வித்தியாசம் 0.69, அதை 10ஆல பெருக்கினா 6.9 கிலோவார். லைன் கரண்ட் 20.6ல இருந்து 15.2 ஆம்புக்கு வரும், கேபிள்ல சூடா போறது கரண்டோட வர்க்கத்துல போறதால அது 46 சதவீதம் குறையும். ஆனா குறையுறது சப்ளைல இருந்து கெப்பாசிட்டர் வரைக்கும் உள்ள கேபிள்ல மட்டும்தான், அதுக்கு அப்புறம் மோட்டார் வரைக்கும் பழைய கரண்டேதான், அதனால கெப்பாசிட்டரை லோடுக்கு எவ்ளோ பக்கத்துல வெக்கிறீங்களோ அவ்ளோ லாபம்.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற ஒண்ணு சொல்லிடுறேன். கெப்பாசிட்டர் குடுக்கிற வார் வோல்ட்டோட வர்க்கத்துல போகும். 440 வோல்ட்டுக்கு 10 கிலோவார்னு எழுதியிருக்கிறதை 400ல மாட்டினா 8.26தான் குடுக்கும். ரேட்டிங் எந்த வோல்ட்டுக்குனு பாக்காம எண்ணிக்கை போட்டா கடைசில பவர் ஃபேக்டர் ஏன் வரலனு தேடிட்டு இருப்பீங்க. இன்னொண்ணு, மோட்டார் டெர்மினல்லயே நேரா கட்டுறதா இருந்தா அந்த மோட்டார் சும்மா சுத்துறப்போ எடுக்கிற காந்த வார்ல 90 சதவீதத்துக்கு மேல போகாதீங்க. போனா, சப்ளை கட் பண்ண பிறகும் சுத்திட்டிருக்கிற மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி வேலை பாத்து வோல்டேஜை ஏத்திடும். ஆஃப் பண்ணதும் கெப்பாசிட்டரைத் தொடாதீங்க, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் 75 வோல்ட்டுக்குக் கீழ இறக்குறதுக்கே 3 நிமிஷம் வரைக்கும் ஆகலாம், ரெசிஸ்டர் போயிருந்தா இறங்கவே இறங்காது, 5 நிமிஷம் விட்டு மீட்டர் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

மீட்டர் பவர் ஃபேக்டர் 0.6 காட்டுது, கெப்பாசிட்டர் போட்டும் ஏறல, சில சமயம் இன்னும் மோசமாகுதுனு சொல்றவங்களும் உண்டு. என்ன லோடுனு கேட்டா எல்இடி டிரைவர், கம்ப்யூட்டர் சப்ளை, விஎஃப்டி (ஃப்ரீக்வென்சியை மாத்தி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ்) மாதிரி இருக்கும். அங்க கரண்ட் சைன் வேவே இல்ல, உச்சத்துல மட்டும் ஊசி மாதிரி இழுக்குது. வி.ஏ. வர்க்கத்துல இருந்து வாட் வர்க்கத்தைக் கழிச்சு நாம எடுத்தது அங்க ஊஞ்சல் சக்தி இல்ல, பெரும்பாலும் ஹார்மானிக்ஸ் கரண்ட், அதாவது 50 ஹெர்ட்ஸோட மடங்குகள்ல ஓடுற கரண்ட். கெப்பாசிட்டரால அதைச் சரி பண்ண முடியாது. அதனால மேல சொன்ன கணக்கு எல்லாம் கரண்ட் கிட்டத்தட்ட சைன் வேவா இருக்கிற லோடுக்கு மட்டும்தான்.

இன்னும் மோசம் என்னன்னா, பெரிய கெப்பாசிட்டர் பேங்க் டிரான்ஸ்ஃபார்மரோட இண்டக்டன்ஸ்கூட சேந்து தானே ஒரு ட்யூன்டு சர்க்யூட் ஆயிடும். எந்த ஹார்மானிக்ல ரெசனன்ஸ்னு கண்டுபிடிக்கறது ஈஸி, ஷார்ட் சர்க்யூட் கே.வி.ஏ.வை கெப்பாசிட்டர் கிலோவாரால வகுத்து வர்க்கமூலம். 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 5 சதவீதம் இம்பிடன்ஸ்னா ஷார்ட் சர்க்யூட் அளவு 1000 வகுத்தல் 0.05, அதாவது 20000 கே.வி.ஏ., 400 கிலோவார் போட்டா 20000 வகுத்தல் 400, 50, வர்க்கமூலம் 7.07. 7வது ஹார்மானிக் விஎஃப்டில இருந்து தாராளமா வர்ற ஒண்ணு, சரியா அதுமேலயே போய் உக்காந்தாச்சு. இங்க கியூ அதிகமா இருக்கிறது நல்லது இல்ல, எவ்ளோ கியூவோ அவ்ளோ மடங்கு அந்தக் கரண்ட் உள்ளயே சுத்தும், கெப்பாசிட்டர் உப்பும், ஃபியூஸ் போகும். ஹீட்டர் மாதிரி ரெசிஸ்டிவ் லோடு நிறைய ஓடுறப்போ அதுவே ஊஞ்சலைப் பிடிச்சு நிறுத்துற கையா இருக்கும், ராத்திரி லோடு கம்மியானப்போ மட்டும் பேங்க் பழுதாகுதுன்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். வழி என்னன்னா 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர் (கெப்பாசிட்டரோட ரியாக்டன்ஸ்ல 7 சதவீதம் ரியாக்டன்ஸ் உள்ள ஒரு காயில்) சீரிஸ்ல போட்டு ரெசனன்ஸை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிடறது, அங்க 3வதுக்கும் 5வதுக்கும் நடுவுல போயிடும். ஆனா அப்படிப் போட்டா கெப்பாசிட்டர் மேல வோல்டேஜ் 7.5 சதவீதம் ஏறும், 400 சப்ளைல 430 நிக்கும், கெப்பாசிட்டர் ரேட்டிங் அதுக்குத் தகுந்த மாதிரி மேல இருக்கணும்.

இப்ப கியூ அதிகமா வேணும்ங்கிற பக்கம், ரேடியோ காயில். 200 மைக்ரோஹென்றி, 1 மெகாஹெர்ட்ஸ், ரியாக்டன்ஸ் 1257 ஓம். ஓம்மீட்டர்ல 2 ஓம் காட்டுதுனு 1257ஐ 2ஆல வகுத்து கியூ 628னு எழுதிடாதீங்க, அந்த ஃப்ரீக்வென்சில கரண்ட் கம்பியோட மேல்தோல்லதான் ஓடும், நிஜ ரெசிஸ்டன்ஸ் 12, 13 ஓம் இருந்தா கியூ 100தான்.

சரி, வாட்டும் வாரும் அளந்து வகுக்கிற நம்ம முறையை இதுக்கும் பயன்படுத்தலாமானா, முடியாது, காரணம் சுவாரசியமானது. பவர் மீட்டர் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் நடுவுல இருக்கிற கோணத்துல 1 டிகிரி தப்பு பண்ணா, கியூ 4.9 காயில்ல வாட் ரீடிங் 8.5 சதவீதம் தப்பாகும். கியூ 50 காயில்ல அதே 1 டிகிரி வாட்டை 87 சதவீதம் தப்பாக்கும், அதாவது ரீடிங்கே குப்பை. மீட்டரோட கோணத் தப்பு கியூ மடங்கா பெருகுது. கியூ 10க்குக் கீழ வாட் முறை ஓகே, அதுக்கு மேல போகப் போக நம்பாதீங்க.

அதிக கியூவுக்கு ரெண்டு வழி இருக்கு. சிக்னல் ஜெனரேட்டரை லேசா கப்ளிங் பண்ணி ஃப்ரீக்வென்சியை நகத்திட்டே போங்க, உச்சம் எங்க வருதுனு குறிங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் உச்சத்துல 70.7 சதவீதத்துக்கு இறங்குற இடத்தைக் குறிங்க. 995 கிலோஹெர்ட்ஸ்லயும் 1005லயும் இறங்கினா அகலம் 10 கிலோஹெர்ட்ஸ், 1000 வகுத்தல் 10, கியூ 100. ஆசிலோஸ்கோப் ப்ரோபை 10 எக்ஸ்லயே வைங்க, இந்தக் காயிலோட சேர்ற கெப்பாசிட்டரே 127 பிகோஃபாரட்தான், 1 எக்ஸ் ப்ரோப் மட்டுமே அதுகூட 100 பிகோஃபாரட் வாக்குல சேத்துடும், ட்யூனிங் எங்கயோ போயிடும்.

இன்னொரு வழி ஊஞ்சலைத் தட்டிவிட்டு எண்றது. சர்க்யூட்டுக்கு ஒரு சின்ன பல்ஸ் குடுங்க, ஸ்கோப்ல அலை மெல்ல மெல்ல அடங்குறது தெரியும், உயரம் பாதியா ஆகுறதுக்குள்ள எத்தனை சைக்கிள் போகுதுனு எண்ணி 4.53ஆல பெருக்குங்க. 22 சைக்கிள் எண்ணினா கியூ 100. எண்ண ஆரம்பிக்கிறது பல்ஸ் குடுத்த உடனே இருக்கிற முதல் அலையில இருந்து வேண்டாம், அதுல பல்ஸோட கலக்கம் இருக்கும், ரெண்டு மூணு அலை தள்ளி ஒரு உச்சத்தைப் பிடிச்சு அதுல பாதி எங்கனு பாருங்க, ரெண்டு மூணு தடவை எண்ணிப் பாத்து ஒரே எண்ணிக்கை வருதானு உறுதி பண்ணிக்கோங்க.